ஒரே இடத்தில் பதினேழு புள்ளிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக ஆரம்பிக்கவில்லை, புகார்க் கடிதமாகத்தான் ஆரம்பித்தேன். பெறுநர்: குடியிருப்போர் சங்கச் செயலாளர். பொருள்: மூன்றாம் மாடியில் மதிய நேரத்தில் ரம்பச் சத்தம். 'என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர் இருக்கிறது' என்று முதல் வாக்கியத்தை எழுதியதும் கை நின்றுவிட்டது. ஒரு புகாருக்கு இவ்வளவு நல்ல வாக்கியம் எதற்கு என்று தோன்றியது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன், வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதுகிறவர்களின் கஞ்சத்தனம் அப்படி.

பிறகு கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றும் உருப்படவில்லை. இருந்தாலும் மறைக்க மனமில்லை.

தொடக்கம் ஒன்று: "மனைவி வீட்டைவிட்டுப் போன பதினோராவது நாள் அவர் ஓர் அலமாரி செய்ய ஆரம்பித்தார்." [மோசமில்லை. ஆனால் 'வீட்டைவிட்டுப் போன' என்றதும் நீங்கள் வேறு என்னென்னவோ நினைத்துக்கொள்வீர்கள். அந்த அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.]

தொடக்கம் இரண்டு: "அறுத்த மரத்துக்கு ஒரு மணம் உண்டு. அந்த மணத்தில்—" [மரத்தின் மணத்தைப் பற்றி எழுதாத ஆள் யாரும் பாக்கியில்லை.]

தொடக்கம் மூன்று: "கையை நீட்டினால் கருவி கையில் இருக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர்" [முடிக்கத் தெரியவில்லை. அதற்கு மேலும் வேண்டியிருந்தது என்பதுதான் விஷயமே.]

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

2

அவரை மெக்கானிக் என்றே குறிப்பிடுகிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிய மனிதர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். ஒருநாள் இதை அவரிடமே சொல்லிச் சிரித்தேன். "அதனாலதான் சார் முட்டி இன்னும் நல்லா இருக்கு" என்றார்.

அவர் மனைவி நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். டாக்டர் தலையைத் தூக்காமல் கையை நீட்டுவார். கேட்பதற்கு முன்பே கத்தியோ கத்தரியோ அந்தக் கையில் இருக்க வேண்டும்.

[இந்த இடத்தில் நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. ரொம்ப வசதியாகப் பொருந்துகிறதே என்கிறீர்கள். நானாகக் கற்பனை செய்திருந்தால் அவரை டீச்சராக்கியிருப்பேன். நான் எழுதிய மூன்று புத்தகங்களிலும் மனைவிகள் எல்லாரும் டீச்சர்கள்தான்.]

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு இரண்டாவது படுக்கையறையிலிருந்து கட்டிலை எடுத்துவிட்டு அங்கே ஒரு வேலை மேசையைப் போட்டார்கள். கால் ஆடும் நாற்காலி, திறக்காத டிராயர், கீல் கழன்ற கதவு என்று கட்டடத்தில் எது உடைந்தாலும் அந்த அறைக்குப் போகும். உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் பிஸ்கட் டின்களிலும் பழைய சூட்கேஸிலும் சாக்குப் பையிலுமாகக் கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நர்ஸம்மா அவருக்கு வலது பக்கத்தில் நிற்பார். இவர் தலையைத் தூக்காமல் கையை நீட்டுவார். வேண்டியது கையில் வந்து உட்காரும். இப்படி ஒன்பது வருடம்.

பிறகு ஒருநாள் ஒரு நாற்காலிக் காலைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காய்வதற்குள் இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் வேண்டும். மெக்கானிக் கையை நீட்டினார். நர்ஸம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கை காலியாகவே இருந்தது. மெக்கானிக் விரலைச் சொடுக்கினார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

நர்ஸம்மா கிளாம்பை எடுத்துக் கொடுத்தார். வேலை முடியும் வரை நின்றார். முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தோரு வருஷம் டாக்டருங்க சொடுக்கினாங்க. அது வேலை, பொறுத்துக்கிட்டேன். நீங்க எதுக்குச் சொடுக்குறீங்க? நான் என்ன ஸ்டாண்டா?"

மறுநாள் காலை பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "நான் வேணும்னு சொடுக்கல சார்" என்றார் மெக்கானிக் என்னிடம். "பசை காஞ்சிட்டு இருந்துச்சு. கை தானா சொடுக்கிருச்சு." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குச் சொந்தக்காரர் வேறு யாரோ என்பதுபோலப் பார்த்தார்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடிதத்தைக் கிழித்த பிறகு, நேரிலேயே சொல்லிவிடலாம் என்று அவர் கதவைத் தட்டினேன். புருவமெல்லாம் மரத்தூளாகக் கதவைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க எழுதுறவராமே சார். பென்சில் பிடிப்பீங்கல்ல?" என்று கேட்டுவிட்டார்.

புகார் சொல்லப் போனவன் பென்சிலும் கையுமாக நின்றேன்.

அவருடைய யோசனை இதுதான். இனிமேல் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே, எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படாத ஓர் அலமாரி செய்ய வேண்டும். வேலை மேசைக்கு வலது பக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் இடம். பார்க்காமல் கையை நீட்டினால் உளி வேண்டும்போது உளி இருக்க வேண்டும், சுத்தியல் வேண்டும்போது சுத்தியல். அந்த இடங்கள் எவை என்று தன் கைக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். ஒன்பது வருடம் வாங்கிய கை அல்லவா?

மேசைக்குப் பக்கத்தில், அளவுக்கு அறுத்து வைத்திருந்த ஒரு பிளைவுட் பலகையை நிமிர்த்தி வைத்தார். அதன் ஓரத்தில் என்னை நிற்கச் சொன்னார். "நான் கண்ண மூடிக்கிறேன். வேலை செய்யிற மாதிரி செய்யிறேன். என்ன வேணும்னு சொல்லிட்டுக் கைய நீட்டுவேன். கை எங்க படுதோ அங்க ஒரு புள்ளி வெச்சு, பக்கத்துல பேர எழுதுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத மரத்தை வெறுங்கையால் இழைத்தார். "உளி" என்று கையை நீட்டினார். புள்ளி வைத்தேன். இல்லாத ஆணியை அடித்தார். "குறடு." புள்ளி. "மூலைமட்டம்." புள்ளி. அவர் மும்முரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவது புள்ளிக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் பேர் எழுத இடமில்லை.

பதினேழு கருவிகள் முடிந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு டம்ளரின் வாயளவு வட்டத்துக்குள் பதினேழு புள்ளிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"என்ன சார், எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சிருக்கீங்க?"

"நீங்க கை வெச்ச எடத்துலதான் வெச்சேன்."

நம்பவில்லை. பலகையைத் திருப்பி வைத்து மறுபடியும் செய்தார். இந்த முறை வேண்டுமென்றே மெதுவாக, யோசித்து யோசித்துக் கையை நீட்டினார். வட்டம் இன்னும் சிறிதாகத்தான் ஆனது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவதான் எல்லாத்தையும் இங்க கொண்டாந்து குடுத்துருக்கா சார்" என்றார். "நான் எங்கயுமே போகல."

[இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பத்திரிகைக்கு அளவும் சரியாக இருக்கும் என்றார். ஆனால் மெக்கானிக் இங்கே முடிக்கவில்லையே. அவர் எழுந்து போய் மரம் வாங்கி வந்தார்.]

4

கைக்குத் தெரிந்த அலமாரி கைவிடப்பட்டது. "எல்லாரும் செய்யிற மாதிரி செய்யிறேன்" என்று சாதாரண அலமாரி ஒன்றை வரைந்தார். இரண்டு கதவு. கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் உளிகளும் ரம்பங்களும் தொங்கும், நடுவில் தட்டுகள், கீழே மூன்று டிராயர். மூலைகளை ஆணி அடிக்காமல் பல்லும் பள்ளமுமாக வெட்டிக் கோத்தார். எனக்கு அந்த வேலை ஒன்றும் புரியாது. ஒரு மூலையை நாலு நாள் வெட்டினார் என்பது மட்டும் சுவர் வழியாகத் தெரியும்.

தினமும் ஐந்து மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு என் வீட்டுக்கு டீ குடிக்க வர ஆரம்பித்தார். அரை மணி நேரம் இருப்பார். பாதி நேரம் கீலைப் பற்றிப் பேசுவார், மீதி நேரம் பேச மாட்டார்.

எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது இங்கேதான். ஒரு பாத்திரம் என்ன நினைக்கிறது என்று தெரியாமல் எழுத முடியாது. இந்த அலமாரி மன்னிப்பா, வீம்பா? 'நான் என்ன ஸ்டாண்டா' என்று கேட்டவளுக்கு ஒரு ஸ்டாண்டைச் செய்து வைப்பதற்கு என்ன அர்த்தம்? இனி உன் கால் வலிக்க வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நீ இல்லாமலே எனக்கு நடக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மரம், ஒரே கீல், ஒரே பூட்டு. ஒரு பிரதியில் அவரை நல்லவராக எழுதினேன், இன்னொன்றில் அழுத்தக்காரராக எழுதினேன். இரண்டிலும் அலமாரியின் அளவு மாறவில்லை.

கேட்டே விட்டேன். "அவங்க வந்து இதப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அலமாரின்னு நினைப்பா."

"இல்ல, நீங்க எதுக்குச் செஞ்சீங்கன்னு..."

"எனக்கு உக்காந்திருக்க முடியல சார்" என்றார். "அவ போனதுலேருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கைய ஓட விடணும்ல."

இதில் மன்னிப்பும் இல்லை, வீம்பும் இல்லை. கதைக்கு உதவாத பதில். ஆனால் அன்று அவர் போன பிறகு கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன். ஏன் என்று யோசித்தேன். என் வீட்டில் இரண்டு டம்ளர் கழுவி ஏழு வருடம் ஆகியிருந்தது.

5

தப்பு நான் செய்தது. அதை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டு இந்தப் பகுதிக்கு வந்திருக்கிறேன்.

நர்ஸம்மா போனில் பேசாமல் இல்லை. தினமும் காலையில் கூப்பிடுவார். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பார். இவர் "உம்" என்பார். அந்த அம்மா வைத்துவிடுவார். வார்டில் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி இருக்கு சார் என்றார் மெக்கானிக்.

அலமாரிக்கு வார்னிஷ் அடித்த அன்று, போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "இத அவளுக்கு அனுப்பணும். கீழ ரெண்டு வரி போடணும். எனக்கு வராது. நீங்கதான் எழுதுறவராச்சே."

நான் எழுதிப் பிழைத்தது எதில் என்று இன்னும் சொல்லவில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கடிதப் பிரிவில் இருந்தேன். இழப்பீடு தர முடியாது என்று பாலிசிதாரர்களுக்கு எழுதும் வேலை. 'தங்கள் துயரில் நாங்களும் பங்கு கொள்கிறோம், எனினும்' என்று ஆரம்பிக்கும். எனக்கு அந்த 'எனினும்' அழகாக வரும் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். உணர்ச்சியோடு எழுதச் சொன்னால் எனக்கு ஐந்து நிமிடம் போதும். எழுதிக் கொடுத்தேன்:

"நீ இல்லாத அறையில் என் கை வெறும் காற்றைத் துழாவுகிறது. இனி எனக்காக உன் கால்கள் நோக வேண்டாம். என் தனிமைக்கு ஓர் அலமாரியும், நீ அமர ஒரு நாற்காலியும் செய்து வைத்திருக்கிறேன். வா."

இரண்டு தடவை படித்தார். "துழாவுறதுன்னா தேடுறதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு சார். எனக்கு இப்படியெல்லாம் தோணியே இருக்காது." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு, "நாற்காலி எங்க இருக்கு?" என்றார்.

"அது சும்மா, வரி நல்லா வரணும்னு."

"எழுதிட்டீங்களே. செஞ்சுதான் ஆகணும்" என்று எழுந்தார். அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அப்பால் நாற்காலி செய்யும் சத்தம். நான் அழகுக்காகப் போட்ட ஒரு சொல்லுக்கு அவர் மரம் அறுத்தார்.*

(* என் எழுத்தால் உலகத்தில் உண்டான ஒரே பொருள் அந்த நாற்காலிதான். உட்கார்ந்து பார்த்தேன். நன்றாக இருந்தது.)

நாற்காலி முடிந்ததும்தான் செய்தியை அனுப்பினார். நர்ஸம்மாவின் பதில் அடுத்த நாள் வந்தது. மெக்கானிக் போனை என்னிடம் நீட்டினார்.

"இது யாரு எழுதினது? வார்த்தை எடுத்துக் குடுக்கவும் பக்கத்துல ஒரு ஆள நிறுத்திக்கிட்டீங்களா?"

6

மெக்கானிக் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நீங்க எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றார். டீ குடித்தார், போனார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவருக்கு வலது பக்கம் அந்த அம்மா நின்ற இடத்தில் நான் போய் நின்றிருக்கிறேன். பென்சிலோடு ஒரு முறை, பேனாவோடு ஒரு முறை. எழுதும்போது நான் யாரை நினைத்து எழுதினேன்? நர்ஸம்மாவை அல்ல. படித்துவிட்டு, 'யாருப்பா இவ்வளவு அழகா எழுதினது' என்று கேட்கப்போகும் யாரோ ஒருவரை. நர்ஸம்மா அதையேதான் கேட்டார், நான் எதிர்பார்த்த குரலில் கேட்கவில்லை.

இதைவிட மோசமான ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் செய்தி பலிக்கக் கூடாது என்று என் மனதின் ஏதாவது ஒரு மூலையில் நான் நினைத்தேனா? அந்த அம்மா திரும்பி வந்துவிட்டால் ஐந்து மணிக்கு யார் வரப்போகிறார்கள்? இல்லை என்று சத்தியம் செய்யலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்து

7

அலமாரி முடிந்திருந்தது. மாட்டப் போனபோதுதான் தெரிந்தது, ஒரு ஆளால் அதை மாட்ட முடியாது.

எடை அப்படி. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மட்டம் பார்த்து, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உள்ளே கையை விட்டு நாலு போல்ட்டையும் சுவரில் முறுக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் நடக்காது. யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லாத அலமாரி இது. முப்பத்தெட்டு வருடம் பாரம் தூக்கும் கம்பியோடு புழங்கியவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தப்பியது? கேட்டேன். மரத்தை அறுக்கும்போதெல்லாம் தூக்கிப் பிடிக்க ஆள் இருக்கும் என்றே மனசில் இருந்ததாம். "அவ இல்லைங்கறது அறுக்கும்போது ஞாபகத்துல இல்ல சார்."

"நான் பிடிக்கிறேன், வாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். "வேணாம் சார். கெடக்கட்டும்."

கிடந்தது. வேலை மேசைக்குப் பக்கத்தில், தரையில். உளி எடுக்க அவர் மண்டியிட்டுக் கதவைத் திறந்தார். அந்த உயரத்தில் கீழ் டிராயரைத் திறக்க ஏறக்குறையப் படுக்க வேண்டியிருந்தது. முட்டி நல்லா இருக்கு என்று சொன்ன மனிதர்.

நாலைந்து நாள் கழித்து ஒரு பிற்பகல் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போகும்போதும் எழுதிக்கொண்டிருந்தார், திரும்பி வரும்போதும் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். "சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

என் கை தானாகப் போனது. அதைப் பிடித்து இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். "நான் பாக்க மாட்டேன் சார்."

"தப்பா இருந்தா?"

"இருக்கட்டும்."

மெக்கானிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அவர் என்ன எழுதினார் என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கதைக்காக இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதை மட்டும் படித்துக் காட்டினார்: "ஞாயித்துக்கிழம காலைல வரேன். பாத்துட்டுப் போறேன்."

8

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: நர்ஸம்மா வருகிறார். தரையில் கிடக்கும் அலமாரியைச் சுற்றி வந்து பார்க்கிறார். "இத எப்படி மாட்டுறதா உத்தேசம்?" என்கிறார். மெக்கானிக் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். இந்த முறை ஸ்டாண்டு அவர். நர்ஸம்மா போல்ட்டைக் கையில் எடுக்கிறார். [கைதட்டல் வாங்கும் முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

முடிவு ஆ: நர்ஸம்மா வந்து பார்க்கிறார். காப்பி கூடக் குடிக்காமல் பதினொன்றரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். பன்னிரண்டு மணிக்கு என் வீட்டு மணி அடிக்கிறது. மெக்கானிக். "சார், ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?" போகிறேன். பிடிக்கிறேன். நாலாவது போல்ட் முறுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறார். நீல விளிம்பு போட்ட டம்ளரை அவருக்கு வைக்கிறேன், சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. அவருக்கு ஆறினால் பிடிக்காது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்கிறார், அதில் உட்கார்ந்தால் வெயில் கண்ணில் படாது. அடுத்து என் புத்தக அலமாரியைச் சரி செய்து தருவதாகச் சொல்கிறார். இரண்டாவது தட்டு தொய்ந்திருப்பதை அவர் முன்பே கவனித்திருக்கிறார்.

முடிவு இ: இருவரும் அந்த நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு, யார் உட்காருவது என்று

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அ முடிவில் ஆட்கள் இருக்கிறார்கள், அறை இல்லை. இ முடிவு பாதியில் நிற்கிறது. ஆ முடிவில் மட்டும் எவ்வளவு விவரம்! டம்ளரின் விளிம்பு வரைக்கும் தெரிகிறது. முப்பது வருடம் விண்ணப்பங்களைப் படித்தவன் நான். எந்த இடத்தில் விவரம் தேவைக்கு மேல் வருகிறதோ அங்கேதான் எழுதியவரின் ஆசை இருக்கும். ஆறாவது பகுதியில் முடிக்காமல் விட்ட சத்தியத்தை இனி நான் செய்ய முடியாது.

எனக்கு அந்த அம்மா திரும்பிப் போய்விட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது.

9

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேமுக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினேன். காரணம் எளிது. மெக்கானிக் வந்து மணியடித்தால் நான் கதவைத் திறப்பேன், 'ஒரு பக்கம் பிடிங்க' என்றால் பிடிப்பேன். என்னை நான் நம்பவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்றால் அவர் வேறு யாரிடமாவது கேட்டாக வேண்டும். அந்த நேரத்தில் அங்கே வேறு ஒருவர்தான் இருப்பார்.

முதல் மாடித் திருப்பத்தில் நர்ஸம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு பை. ஒரு நாளுக்கான பையா, திரும்பி வந்தவரின் பையா என்று பார்த்தேன். இரண்டுக்கும் நடுவான அளவில் இருந்தது.

நின்றார். "நீங்கதான எழுதினது?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்குங்க."

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அதான் கோவம் வந்துச்சு." கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்த மனுஷன் இப்படிப் பேச மாட்டாரான்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் கோவம்."

வாக்கியங்கள் வந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கொஞ்சம் வெளிய."

"எப்ப வருவீங்க?"

"நேரமாகும்."

என் பூட்டிய கதவு இருக்கும் திசையில் மேலே ஒரு முறை பார்த்தார். "அலமாரி ரொம்ப கனமோ?"

"ரெண்டு பேர் வேணும்" என்றேன்.

"உம்" என்றார். ஏறிப் போனார். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. நான் இறங்கி வந்துவிட்டேன்.

இதை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொன்றரை பஸ் இப்போதுதான் போனது. அது வரும்போது நான் தலையைக் குனிந்து இந்தப் பத்திக்கு முந்தைய பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். யார் ஏறினார்கள் என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. யூகிக்கவும் எனக்கு உரிமை இல்லை, இதில் நான் ஆதாயம் உள்ள ஆள். உங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நீங்கள் போய்ப் பாருங்கள். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது, மெதுவாக ஏறுங்கள். பூட்டியிருப்பது என் வீடு, அதற்கு அடுத்தது அவர் வீடு. மணியடிக்க வேண்டாம், வெளியே நின்றாலே போதும். ஒருவேளை மெக்கானிக் கதவைத் திறந்து உங்களைப் பார்த்து, 'ஒரு பக்கம் பிடிக்கிறீங்களா?' என்று கேட்டால், தயவுசெய்து கை வலி என்று சொல்லிவிடுங்கள்.

பொய்தான். முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது, எனக்குத் தெரியும். வராது என்று தோன்றினால் போகாதீர்கள். இங்கே வந்துவிடுங்கள். பெஞ்சில் இடம் இருக்கிறது.